எதால் உடையும் என்று சொல்லாத எண்

எல்லோரும் நலமா? வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள், எல்லோருக்கும் சுகம்தானே? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். இந்தக் கதை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் தையல்காரம்மா யாருடைய கால்சட்டையையோ மடியில் போட்டு இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். புதுத்துணி தைப்பதை அவள் நிறுத்தி நெடுநாளாகிறது. இப்போதெல்லாம் ஆல்டரேஷன்தான். இளைத்தவர்களுக்குப் பிடிப்பது, பெருத்தவர்களுக்கு விடுவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி போடுவது. அவள் குடியிருந்த கட்டடத்தில் யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பிரிப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பிளேடை எடுத்து வரிசையாக அறுத்துக்கொண்டே போகமாட்டாள். ரெடிமேட் துணியின் சங்கிலித் தையலில் நூல் எந்த மூலையில் முடிகிறது என்று முதலில் விரலால் தடவிப் பார்ப்பாள். அந்த முடிச்சு விரலில் நெருடினால் போதும். அங்கே ஒரு வெட்டு, ஒரு இழுப்பு, முழு நூலும் சரசரவென்று கையோடு வந்துவிடும். துணிக்கு ஒரு காயம் இருக்காது. எந்தத் தையலுக்கும் ஒரு முனை உண்டு என்பது அவள் கை கற்றுக்கொண்ட பாடம். கை கற்றதை மனசும் நம்பிவிட்டது.

நூலை இழுக்கப்போன நேரத்தில்தான் பின்னறை இரைச்சல் தணிந்தது.

மூன்று வாரமாக அந்த இரைச்சல் வீட்டில் ஓர் ஆளைப்போல இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்களின் பாகங்களை வாங்கிவந்து, ஒன்றோடொன்று பொருத்தி, பின்னறை மேஜையில் ஒரு பெட்டியை உண்டாக்கி வைத்திருந்தார். அதன் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே மேஜை விசிறியையும் அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். தையல்காரம்மா அதற்கு வைத்த பெயர் சின்ன வீடு. மாடிவீட்டுக்காரி ஒரு தடவை "உங்க வீட்டுக்காரர் பின்னால என்ன ராத்திரி பகலா ஓட்டுறாரு?" என்று கேட்டபோது, "அவரோட சின்ன வீடு அங்கதான் இருக்கு, நான்தான் வேளாவேளைக்குத் தூசி தட்டுறேன்" என்று சொல்லி அவளை வாயடைக்க வைத்தாள்.

கணவரைப் போனில் கூப்பிட்டாள். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் ரூமில் இருந்தார். பின்னால் கேபிள் சுற்றும் சத்தம் கேட்டது.

"ஏங்க, உங்க சின்ன வீடு சத்தம் போடல."

"நின்னுடுச்சா, இல்ல மெதுவாச்சா?"

"மெதுவாத்தான். மூச்சு விடுது."

அந்தப் பக்கம் கேபிள் சத்தம் நின்றது.

"அப்ப முடிஞ்சிருச்சு" என்றார்.

"என்ன வந்திருக்குன்னு பாக்கட்டுமா?"

"வேணாம். தொடாத. நான் வந்து பாக்குறேன்."

போனை வைத்தபின் அவளுக்குக் கை ஓடவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிக்குள் முடிந்தது வெறும் கணக்கில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூட மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை, வேறு ஊரில். முதலில் வாரம் ஒருமுறை பேசினாள். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் இவர்கள் கூப்பிட்டால் மட்டும். அப்புறம் கூப்பிட்டாலும் இல்லை. ஆறு வருஷமாகிறது. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால்கூட மனசு ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். யாரும் கத்தவில்லை, யாரும் கதவை அறையவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எங்கே கசிகிறதென்று தெரியாமலே வற்றிப்போவதுபோல வற்றிவிட்டது. இந்த ஆறு வருஷமும் தையல்காரம்மா அந்த முனையைத் தேடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் அடித்தோமே, அதுவா? அவள் விரும்பிய படிப்பை வேண்டாமென்றோமே, அதுவா? ஒருநாள் அழுத முகத்தோடு வந்து கதவோரம் நின்றாள். அப்போது ஒரு அவசர ஆர்டர் மெஷினில் இருந்தது. "இரு, அப்புறம் பேசலாம்" என்று சொன்னோம், அந்த அப்புறம் வரவே இல்லை, அதுவாக இருக்குமா? ஒவ்வொன்றையும் எடுத்து இழுத்துப் பார்ப்பாள். ஒன்றும் முழுசாக வராது. நூல் பாதியில் அறுந்து கையோடு வந்துவிடும்.

போன மாதம் அந்த மகளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் வேலை இருக்கிறது, அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், சாயங்காலம் ரயில், அவ்வளவுதான். தையல்காரம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள். கேட்டுவிட வேண்டும். என்ன குற்றம் செய்தோம் என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும்.

"வர்ற புள்ளைய வாசல்ல நிக்கவச்சு விசாரணை பண்ணாத" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"உங்களுக்கு என்ன, நீங்க மேலயும் கீழயும் போயிட்டு வந்துடுவீங்க. நான்தானே இங்கயே உக்காந்து நெனச்சிட்டே இருக்கேன்."

அவர் பின்னறைக்குப் போய் அந்தப் பெட்டியை ஓடவிட்டார். மகளை வரவேற்க அவர் செய்த ஏற்பாடு அதுதான்.

அதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. மகள் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து, நாள், மாதம், வருஷம் மூன்றையும் சேர்த்து எட்டு இலக்கத்தில் ஒரே எண்ணாக எழுதினார். அதை மூன்றால் வகுத்தார், ஏழால் வகுத்தார், பதினொன்றால், பதின்மூன்றால் என்று வகுத்துக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு கையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு இன்னொரு கையில் வகுத்தார். கடைசியில் ஒருநாள், பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவளிடம் வந்து, "இந்தத் தேதிய எதாலயும் வகுக்க முடியாது. பகா எண். நம்ம பாப்பா பகா எண்" என்றார். குழந்தைக்கு மூக்கு யாரைப்போல, காது யாரைப்போல என்று வந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த நாளில் அவர் மட்டும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பாப்பா வளர்ந்து, அவர் மடியில் உட்கார்ந்து இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போகும் விளையாட்டைக் கற்றுக்கொண்டது. எத்தனை இரண்டு என்று ஒரு பகா எண்ணைச் சொல்ல வேண்டும். அத்தனை இரண்டுகளையும் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மூன்று இரண்டென்றால் ஏழு வரும், வேறு எதாலும் வகுபடாது, அதாவது உடையாது. ஐந்தென்றால் முப்பத்தொன்று, உடையாது. ஏழென்றால் நூற்றிருபத்தேழு, அதுவும் உடையாது. ஆகா, எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பும்போது பதினொன்றில் காலை வாரிவிடும். அப்போது மகள் கேட்டாள்: "என் பொறந்தநாள் அளவுக்கு ரெண்டு போட்டுப் பெருக்கினா? அது உடையுமா?" அந்த எண்ணுக்கு அறுபது லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அச்சடித்தால் இரண்டாயிரம் பக்கத்துக்குக் குறையாது. அன்றைக்கு அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு கால்குலேட்டர். "ஒருநாள் சொல்றேன் பாப்பா" என்றார்.

அந்த ஒருநாள்தான் இது.

தையல்காரம்மாவுக்குக் கணக்கு அத்தனையும் புரிந்ததில்லை. ஆனால் அந்தப் பெட்டி ஓடத் தொடங்கிய நாளில், யாரிடமும் சொல்லாமல் அவள் அதோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். உடையாத எண் என்று வந்தால், எங்களுக்கும் மகளுக்கும் நடுவில் ஒன்றும் உடையவில்லை, நான் வாயைத் திறக்கமாட்டேன். உடையும் என்று வந்தால் கேட்டுவிடுவேன். இது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும், விசிறியின் காற்று சரியாக அதன்மேல் படுகிறதா என்று தினம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவர் கிரீஸ் கையோடு உள்ளே வந்தார். கையைக்கூடக் கழுவாமல் பின்னறைக்குப் போனார். அவள் கதவோரம் நின்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"உடையுது" என்றார்.

அவள் சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் தெரியாம இஸ்திரிப் பெட்டிய, இதுக்குக் கரன்ட் குடுக்குற பேட்டரி பிளக்ல சொருகிட்டேனே. எல்லாம் அணைஞ்சு போச்சே. அதனால இருக்குமா?"

"அதனால இல்ல. விட்ட எடத்துலேருந்துதான் மறுபடி ஓடிச்சு. நீ ஒண்ணும் பண்ணல."

"நெஜமாவா?"

"எதுக்கெடுத்தாலும் உன் தலையில போட்டுக்காத."

அவள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "சரி, எதால உடையுது?"

"அது தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது. உடையும்கிறது மட்டும் நிச்சயம்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வாரம் வேர்த்து ஒழுகிக்கிட்டுத் தூங்கினேன். விசிறியக்கூட அதுக்குக் குடுத்தோம். இப்ப உடையுது, ஆனா எதாலன்னு தெரியாதுன்னா என்ன அர்த்தம்? வியாதி இருக்கு, என்ன வியாதின்னு கேக்காதீங்கன்னு சொல்ற டாக்டர் மாதிரி இருக்கு."

அவர் அவளை முன்னறை வெட்டு மேஜைக்குக் கூட்டிவந்து, துணியில் கோடு போடும் அவளுடைய நீலச் சாக்கட்டியை எடுத்தார். "நம்மள ஏமாத்தின அந்தப் பதினொண்ணு. பதினொரு ரெண்டு பெருக்கி ஒண்ணு கழிச்சா ரெண்டாயிரத்து நாப்பத்தேழு." மேஜையில் எழுதினார். "இத வகுத்தே பாக்காம, உடையுமா இல்லையான்னு சொல்ல ஒரு வழி இருக்கு. நாலுல ஆரம்பி. அதையே அதால பெருக்கு, ரெண்ட கழி. பதினாலு. மறுபடி அப்படியே, பதினொண்ணுக்கு ரெண்டு கம்மியா மொத்தம் ஒம்பது தடவ. நூத்தித் தொண்ணூத்தி நாலு. ரெண்டாயிரத்து நாப்பத்தேழ தாண்டிச்சுன்னா வகுத்து மீதிய மட்டும் வச்சுக்க." எழுநூற்று எண்பத்தெட்டு, எழுநூற்றொன்று, நூற்றுப் பத்தொன்பது என்று மேஜை முழுக்க நீலமாக எண்கள் இறங்கின. கிரீஸ் விரல் பட்டு ஓரங்கள் கறுத்தன. கடைசி எண்ணை அவர் வட்டமிட்டார். "ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தாறு. இங்க பூஜ்யம் வந்திருந்தா உடையாத எண். வரல. அதனால உடையும். இதுல சந்தேகத்துக்கே எடமில்ல."

"எதால உடையும்?"

"இருபத்தி மூணு, எம்பத்தொம்பது. அது சின்ன எண், வேற வழியில எனக்குத் தெரியும். ஆனா இந்த மேஜையில எங்கயாவது இருபத்தி மூணு தெரியுதா, பாரு. எம்பத்தொம்பது தெரியுதா? இந்த மீதி, உடையும்னு மட்டும் சொல்லும். எதாலன்னு சொல்லாது. பாப்பாவோட எண்ணுக்கும் அப்படித்தான். பொட்டி கொஞ்ச தூரம் தேடியும் பாத்துச்சு. கெடைக்கல."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "அதை எது உடைச்சாலும் சரி, அந்த எண்ண பாப்பா பொறந்த தேதியால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும். இருபத்தி மூணப் பதினொண்ணால வகு, மீதி ஒண்ணு. எம்பத்தொம்பதுக்கும் அதேதான். அந்த அடையாளம் இல்லாத எதாலயும் இதை உடைக்க முடியாது."

அன்று அவள் வெட்டு மேஜையைத் துடைக்கவில்லை. துணியை வேறு பக்கம் விரித்து வேலை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தலைமுடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். காதோரம் இரண்டு மூன்று நரை. ரயில் ஏசிக்காகப் போட்ட சாம்பல்நிறக் கோட்டு, தோளில் கருவிப்பை. வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். தையல்காரம்மா கதவை முழுக்கத் திறந்தாள். "வா வா, செருப்ப அங்கயே விடு" என்று மட்டும் சொன்னாள். சாப்பிடும்போது மூவரும் ஆஸ்பத்திரி மெஷினைப் பற்றிப் பேசினார்கள். லிஃப்டுகளைப் பற்றிப் பேசினார்கள். மாடிவீட்டுக்காரியின் புதுப் பல்செட்டைப் பற்றிக்கூடப் பேசினார்கள். மகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தையல்காரம்மா ஒவ்வொரு தடவை பரிமாறும்போதும், இப்போது கேட்கலாம், கையைக் கழுவட்டும், தண்ணீர் குடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

சாப்பாடு முடிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் மகளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். சின்னப் பையன் பரிசைக் காட்டுவதுபோலத் திரையைக் காட்டினார்.

"நீ கேட்டியே பாப்பா. உன் பொறந்தநாள் அளவுக்கு ரெண்டு."

மகளுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபின் முகம் அசையவில்லை. "பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு. உடையுது."

"எதாலப்பா?"

கதவோரம் நின்ற தையல்காரம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதும்மா" என்றார் அவர்.

மகள் ஜுரம் பார்ப்பதுபோலப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குனிந்து உள்ளே பார்த்தாள். "ஃபேன் ரெக்கையில இவ்ளோ தூசி அடைஞ்சிருக்கேப்பா. பாவம், எப்படி ஓடிச்சு இது." நிமிர்ந்து, அம்மாவைத் தாண்டி முன்னறைக்கு நடந்தாள். தையல் மெஷினின் இடதுபக்கம், கீழேயிருந்து இரண்டாவது டிராயர். அது சுலபத்தில் திறக்காது. கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும். மகள் பார்க்காமலே தூக்கி இழுத்தாள். பாபின்களுக்கு அடியில் கையை விட்டு, பஞ்சு தட்டுகிற பிரஷை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

தையல்காரம்மா அந்தத் திறந்த டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தயாராக வைத்திருந்த கேள்வி தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அது இருந்த விதம் மாறிப்போயிருந்தது. இறக்கிவைக்க அவசரமில்லாத ஒரு சுமையைப் போல.

தூசி தட்டி முடித்துவிட்டு மகள் சொன்னாள்: "இத நிறுத்தாதீங்கப்பா. எதாலன்னு தேட விடுங்க."

"அது கெடைக்க நம்ம ஆயுசு பத்துமான்னு தெரியாது பாப்பா."

"ஓடட்டும். கெடைச்சா எனக்குப் போன் பண்ணுங்க."

"கெடைக்கலன்னா?" என்று கேட்டது தையல்காரம்மா.

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுத்து, கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கை உயர்ந்தபோது, அக்குளில் உள்துணி கிழிந்து தொங்குவது தெரிந்தது.

"கோட்டக் கழட்டு."

"நேரமில்லம்மா. ரயிலுக்குப் போகணும்."

"கழட்டுன்னா கழட்டு."

வெட்டு மேஜையில், நீல எண்களின் மேல் கோட்டை உள்வெளியாகப் புரட்டிப் போட்டாள். நாலு தையல் போட்டால் சரியாகிவிடும் கிழிசல். கடிகாரத்தில் அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. மகள் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் உட்கார்ந்த அதே பக்கம்.

"நீ ஒண்ணுமே கேக்கலையேம்மா."

தையல்காரம்மாவின் விரல் உள்துணியின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தது.

"நீ கேப்பேன்னுதான் வழியெல்லாம் பதில் தேடிட்டு வந்தேன்" என்றாள் மகள்.

கிடைத்ததா என்று தையல்காரம்மா கேட்கவில்லை. கழுத்துப்பட்டியின் ஓரத்தில் விரலில் ஒரு முடிச்சு நெருடியது. பிளேடை எடுத்து அங்கே ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். உள்துணி கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து விலாவுக்கும் சத்தத்தோடு பிரிந்துகொண்டே வந்தது. கிழிசலைத் தாண்டி, நல்ல தையலையும் தாண்டி, அடிவிளிம்புவரை. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிசலுக்கு நாலு தையல் போதும் என்பது தையல்காரி மகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"இது இன்னைக்கு முடியாதேம்மா."

"முடியாது."

"குளிர் வர்றதுக்குள்ள வேணும்."

"வந்து வாங்கிக்க."

மகள் தலையைக் குனிந்தாள். கண்ணைத் துடைத்தாளா, முடியை ஒதுக்கினாளா என்று தெரியவில்லை. புறப்படும்போது கோட்டுக்குப் பதில் அப்பாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். கைகள் நீளமாக இருந்தன. தையல்காரம்மா இரண்டு கையையும் மணிக்கட்டுக்கு மேல் மடித்துவிட்டாள், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. லிஃப்ட் மெக்கானிக் ரயில் நிலையம்வரை கூடப் போனார்.

வீட்டில் தனியாக நின்றவள் கோட்டை எடுத்து ஹேங்கரில் மாட்டி, மெஷினுக்கு மேலிருந்த ஆணியில் தொங்கவிட்டாள். உள்ளெல்லாம் வெளியே தெரிய, இரண்டு கைகளும் சும்மா தொங்கின. ஊசியில் நூல் கோத்தாள். கோத்த ஊசியைக் கோட்டின் மார்பில் குத்தி வைத்தாள். தைக்கவில்லை. பின்னறையில் பெட்டியின் இரைச்சல் மறுபடி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்ததால் மேஜை விசிறியின் காற்று முன்னறைவரை வந்து, பிரித்த உள்துணியைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது.

உங்கள் வீட்டிலும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று ஏதாவது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். சொல்லலாம் என்று தோன்றினால் இரண்டு வரி எழுதுங்கள்.